கின்னஸ் விற்காத டப்ளின் கடை

வாடிக்கையாளர் பெயர் சொல்லிக் கேட்கும் சரக்கை வைக்காமல் கடை நடத்த முடியுமா? முடியாது என்றே நம்மில் பெரும்பாலோர் சொல்வோம். ஆனால் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் ஒரு கடை 1996இல் அப்படித்தான் திறக்கப்பட்டது. அந்நகருக்குச் சென்றிருந்தபோது அதை நேரில் பார்த்து வந்தோம். பீர் விற்கும் கடை என்பதால் அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். குடியைப் போற்ற இதை எழுதவில்லை. வியாபார முறையை மட்டும் பார்ப்போம்.

டப்ளின் என்றாலே கின்னஸ்தான். ஆர்தர் கின்னஸ் என்பவர் 1759இல், ஆண்டுக்கு 45 பவுன் வாடகையில், 9000 ஆண்டுகளுக்குக் குத்தகை எழுதி வாங்கிய இடத்தில் இன்றும் அந்தக் கருப்பு பீர் தயாராகிறது. வெளிநாட்டார் பலர் அதை ஒரு வாய் ருசி பார்ப்பதற்கென்றே அந்த ஊருக்கு வருகிறார்கள்.

அந்த ஆலையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், லிஃபி ஆற்றை ஒட்டி இருக்கிறது டெம்பிள் பார் பகுதி. 1980களில் அரசுப் போக்குவரத்து நிறுவனம் பேருந்து நிலையம் கட்டுவதற்காக அங்கே கட்டடங்களை வாங்கியது. வேலை தொடங்கும் வரை அவற்றைக் குறைந்த வாடகைக்கு விட்டது. ஓவியர்களும் சிறு கடைக்காரர்களும் குடியேறினர், தெரு களைகட்டியது. கடைசியில் பேருந்து நிலையத் திட்டம் கைவிடப்பட்டது. 1991இல் அரசே ஒரு நிறுவனம் அமைத்து அப்பகுதியைக் கலைப் பகுதியாக வளர்த்தது. இன்று அங்கே எந்நேரமும் சுற்றுலாக் கூட்டம். கூட்டத்தோடு வாடகையும் விலைவாசியும் ஏறிவிட்டன.

இந்தப் பகுதியில் பார்லிமென்ட் தெருவில் உள்ளதுதான் நாம் பார்த்த போர்ட்டர்ஹவுஸ். லியாம் லாஹார்ட், ஆலிவர் ஹியூஸ் என்ற உறவினர் இருவர் தொடங்கியது. கருப்பு பீர் முதலாகத் தங்கள் சொந்தத் தயாரிப்பையே விற்பது, கின்னஸை உள்ளே விடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். நம் ஊரில் கோயில் வாசலில் கற்பூரம் விற்காமல் கடை வைப்பது போன்ற காரியம் இது.

இதில் துணிச்சலைவிட முன்னேற்பாடே அதிகம். 1989இலேயே டப்ளினுக்குத் தெற்கே ப்ரே என்னும் கடலோர ஊரில் கடை திறந்து, பெல்ஜியம் முதலிய நாடுகளின் பீர் வகைகளை வரவழைத்து விற்றார்கள். வழக்கமான சரக்கைத் தவிர வேறும் உண்டு என்று ஏழு ஆண்டுகள் வாடிக்கையாளரைப் பழக்கிய பிறகே டப்ளினில் கடை போட்டார்கள்.

உள்ளே சென்றால் சுவரோரக் கண்ணாடி அலமாரிகளில் பல நாட்டுப் புட்டிகள். சொந்தக் கருப்பு பீரிலேயே வகைகள் உண்டு. ஒன்றில் சிப்பி சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். விலைப்பட்டியலை வாசலருகே பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு விலை கேட்டுத் திடுக்கிட வேண்டியதில்லை.

நாம் நின்றிருந்தபோது ஒரு பயணி கின்னஸ் கேட்டார். "இல்லை" என்று சொல்லிவிட்டுச் சிப்பந்தி வேறு பக்கம் திரும்பிவிடவில்லை. தங்கள் கருப்பு பீரில் கொஞ்சம் சிறிய குவளையில் ஊற்றி, காசு வாங்காமல் நீட்டினார். பயணி ருசி பார்த்தார். முழுக் குவளை கேட்டு வாங்கினார். அந்த ஒரு வாய் பீர்தான் அக்கடையின் விளம்பரச் செலவு.

தயாரிப்பவரே சில்லறையிலும் விற்பதால் ஆலை லாபமும் கடை லாபமும் ஒரே கல்லாவில் விழுகின்றன. மொத்த வியாபாரியான நமக்கு இது இனிக்கும் செய்தியல்ல. ஆனால் நட்டமும் அதே கல்லாவில்தான் விழும். காய்ச்சிய பீர் கெட்டுப்போனால் திருப்பி அனுப்பக் கம்பெனி கிடையாது. அரசும் ஓரளவு கைகொடுத்தது: 2005இல் சிறு ஆலைகளுக்குக் கலால் வரியில் பாதியைக் குறைத்தார்கள். தொடக்கத்தில் கடையிலேயே பீர் காய்ச்சினார்கள். தேவை பெருகவே தயாரிப்பு வெளியே பெரிய ஆலைக்கு மாறியது.

கம்பெனி தரும் குளிர்பெட்டிக்கும் பெயர்ப்பலகைக்கும் கடையின் முகப்பையே கொடுத்துவிட்டு, சொற்பக் கழிவுக்கு விற்றுக்கொண்டிருக்கிறோம் என்ற குறை நம் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. அதற்காக நாளையே பெரிய கம்பெனிச் சரக்கை இறக்கிவைத்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். முதலில் மிளகாய்த்தூளோ கடலைமிட்டாயோ ஒரே ஒரு பொருளைத் தரமாகச் செய்து, அல்லது உள்ளூரில் செய்பவரிடம் வாங்கி, கம்பெனிச் சரக்குக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பொட்டலத்தில் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தேதியும் விலையும் இருக்கட்டும். கேட்பவருக்குக் கொஞ்சம் ருசி பார்க்கக் கொடுங்கள். ஓராண்டு விற்பனையைத் தனிக் கணக்காக எழுதி வாருங்கள். எந்தச் சரக்குக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதை அந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யலாம்.