எந்திரத்திற்கு ஊட்டப்படும் காற்றும் சமூகத் தேவையும்

தொழினுட்பக் கண்டுபிடிப்புகளைத் தனிமனித மேதைமையின் விளைவுகளாக மட்டும் நோக்கும் மரபு நம்மிடையே வலுவாக உள்ளது. கண்டுபிடிப்பொன்று எப்பொழுது, எவர் கையில், எத்தேவைக்காகப் பயன்பாட்டுக்கு வருகின்றது என்னும் வினாவை அம்மரபு எழுப்புவதில்லை. மோட்டார் எந்திரத்தின் வலுவைக் கூட்டும் டேர்போசார்ஜரின் வரலாற்றை அவ்வினாவுடன் நோக்குவோம்.

முதலில் அதன் இயக்கத்தை விளங்கிக்கொள்ளல் வேண்டும். எந்திரத்தின் வலு, உருளையினுள் எரியும் எரிபொருளின் அளவைப் பொறுத்தது. ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பிஸ்டன் தானே உள்ளிழுக்கும் காற்றின் அளவை வளிமண்டல அமுக்கம் வரையறுக்கின்றது. காற்றை அமுக்கிச் செலுத்தின், அதே உருளை கூடுதலான எரிபொருளை எரிக்கும். இதற்கான வலுவைச் சுப்பர்சார்ஜர் எந்திரத்தின் சுழல்தண்டிலிருந்தே பெறுகின்றது. டேர்போசார்ஜரோ வீணே வெளியேறும் புகைவாயு சுழற்றும் சக்கரத்திலிருந்து பெறுகின்றது. எனினும் இது விலையின்றிக் கிடைப்பதன்று. அமுக்கப்பட்ட காற்று சூடேறும். அச்சூட்டினால் எரிகலவை கட்டுப்பாடின்றித் தானே வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்கவுங்கூடும். காற்றைக் குளிர்விக்கும் சாதனம் இதனாலேயே வேண்டப்படுகின்றது.

சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூஹி இம்முறையை 1905இல் காப்புரிமைக்குப் பதிவு செய்தார். ஆயின், 1920களின் நடுப்பகுதியிலேதான் ஜேர்மன் பயணிகள் கப்பல்கள் இரண்டின் டீசல் எந்திரங்களில் அது பயன்கண்டது. 1,750 பரிவலு 2,500 ஆக உயர்ந்தது. அதற்கு முன்பே போர்த்தேவை அதனைத் தேடிச் சென்றிருந்தது. காற்று ஐதான உயரங்களில் விமானம் வலுவிழப்பதைத் தடுக்கும்பொருட்டு, 1918இல் அமெரிக்காவின் பைக்ஸ் மலையுச்சியில், ஏறத்தாழ 4,300 மீற்றர் உயரத்தில், சான்போர்ட் மொஸ் பரிசோதனை நடத்தினார். 1962இல் ஜெனரல் மோட்டர்ஸ் அதனைப் பயணிகள் காரில் பொருத்தியது. எனினும், அவ்வாண்டு வெளிவந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர் 1963உடன் நின்றுபோயிற்று. பெற்றோல் மலிவாயிருந்த அச்சந்தைக்குப் பெரிய எந்திரமே இலகுவான வழியாயிருந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடியின் பின்னரே, சிறிய எந்திரத்திலிருந்து பெரிய வலுவைப் பெறும் தேவை கூர்மையடைந்தது. இரண்டு லீற்றர் எந்திரங்கொண்ட சாப் 99 டேர்போ இக்காலத்துக்குரியது. பியூஹியின் கருத்துக்கும் அதன் பரவலுக்கும் இடைப்பட்ட இந்த எழுபதாண்டுகளை மேதைமை கொண்டு விளக்கல் இயலாது.

வீணாகும் ஆற்றலை மீட்கப் பிறந்த இச்சாதனம் சந்தையில் வேகத்தின் சின்னமாக மாறியமையும் மனங்கொளத்தக்கது. 2019இல் போர்ஷே நிறுவனம் வெளியிட்ட மின்கார் ஒன்றுக்கு 'டைகான் டேர்போ' எனப் பெயரிடப்பட்டது. அதில் எரிபொருளுமில்லை, புகைவாயுவுமில்லை, டேர்போசார்ஜருமில்லை. பயன்மதிப்பு முற்றாக நீங்கிய பின்னரும் பெயர் தனித்து விலைபோகின்றது. பண்டத்தின் மாயத்தைப் பற்றி மார்க்ஸ் கூறியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.