முள் விழுந்தால் யாரைச் சந்தேகிப்பது?

போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறியிருப்போம். அப்பா திடீரென்று ஜீப்பை மலைப்பக்கமாக ஒதுக்கிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு வாயால் பதில் சொல்லவில்லை. டேஷ்போர்டில் விரலை வைத்துக் காட்டினார். ஆயில் மீட்டரின் முள் பூஜ்யத்தில் கிடந்தது.

எழுபதுகளின் கடைசி அது. ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய வில்லிஸ் ஜீப். ‘டிஸ்போசல் வண்டி’ என்றால் அன்றைக்கு எல்லோருக்கும் புரியும். பெட்ரோல், எஞ்சின் சூடு, பேட்டரி சார்ஜ், ஆயில் பிரஷர் என்று ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வட்ட மீட்டர் இருந்தது. சாலையைப் பார்க்கிற நேரம் போக, அப்பாவின் கண் எப்போதும் அந்த ஆயில் முள்ளின் மேல்தான். பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். ஆயில் பிரஷர் போனால் கிராங்கும் பேரிங்கும் உலோகத்தோடு உலோகமாக உரசி, சில நிமிடங்களில் எஞ்சினே இறுகிவிடும்.

அப்பா முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. அளவு குறைந்திருந்தால் இப்படிப்பட்ட வளைவில் சம்ப்பில் உள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சி, முள் படுத்து எழுவது வழக்கம். இங்கே அப்படியும் இல்லை. அணைப்பதற்கு முன் டாப்பெட் சத்தமும் கேட்கவில்லை. கீழே போகிற லாரியில் சொல்லியனுப்பி, போடியிலிருந்து மேஸ்திரி வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது.

மேஸ்திரி எஞ்சினைத் தொடவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, மீட்டரின் முதுகில் இருந்த நட்டைக் கழற்றிச் செப்புக் குழாயின் முனையை ஒரு டப்பாவுக்குள் பிடித்தார். “அண்ணே, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி உடனே ஆப் பண்ணுங்க.” கருப்பு ஆயில் விட்டுவிட்டுப் பீறிட்டது. பிறகு துணிப்பையிலிருந்து தன் சொந்த மீட்டரை எடுத்து அதே குழாயில் மாட்டினார். 40 பவுண்டு காட்டியது. “எஞ்சின் கெட்டியா இருக்குண்ணே. உங்க மீட்டருதான் செத்துப்போச்சு.”

அன்றைய மீட்டரின் பலமும் பலவீனமும் இந்த ஒரு காட்சிக்குள் இருக்கின்றன. அதில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. எஞ்சின் பிளாக்கிலிருந்து கிளம்பும் மெல்லிய செப்புக் குழாய் நேராக மீட்டருக்குள் போகும். உள்ளே பிறை வடிவில் வளைந்த, தட்டையான ஒரு பித்தளைக் குழல். ஆயில் அதற்குள் அழுத்தும்போது வளைவு கொஞ்சம் நிமிரும். நிமிர்வது பல்சக்கரம் வழியாக முள்ளைத் திருப்பும். பிரான்சின் யூஜீன் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்ற சங்கதி இது. நீராவி எஞ்சினுக்காகப் பிறந்து, ஜீப்புக்கும் வந்து சேர்ந்தது. ஓட்டுகிறவன் பார்த்தது எஞ்சினின் ஆயிலையேதான். அது சொன்ன செய்தியை அல்ல.

அதனால் கோளாறுகளும் கண்ணால் பார்க்கிற, கையால் தொடுகிற கோளாறுகள். அதிர்வில் குழாய் ஒடியாமலிருக்க எஞ்சின் பக்கம் அதைச் சுருள் சுருளாகச் சுற்றி விட்டிருப்பார்கள். யாராவது அழகு பார்த்துச் சுருளை நிமிர்த்திவிட்டால் சீக்கிரமே வெடிப்பு விழும்; ஓட்டுகிறவர் காலில் சுடச்சுட ஆயில் சொட்டும். கவனிக்காமல் ஓட்டினால் சம்ப்பே காலியாகும். குழாயில் கசடு அடைத்தால் முள் சோம்பேறியாகும். நசுங்கினாலும் அப்படியே. முள் நடுங்கினால் பம்ப் காற்று வாங்குகிறதா, ரிலீஃப் வால்வில் தூசி சிக்கியதா என்று பார்ப்பார்கள்.

இதைச் சொல்லும்போது அந்தக் காலத்து மெக்கானிக்குகள் எல்லோரையும் சித்தர்களாக்கிவிடக் கூடாது. குழாயில் அரை அங்குலக் கசடு அடைத்திருந்ததற்காக எஞ்சினையே இறக்கிப் பிரித்துப்போட்ட பட்டறைகள் உண்டு. பேரிங் தேய்ந்த வண்டியில் கெட்டியான ஆயிலை ஊற்றி, முள்ளை ஏற்றிக் காட்டி, தலையில் கட்டிய கெட்டிக்காரர்களும் உண்டு. கெட்டுப்போகாத முள் தானாகப் பொய் சொல்லாது, ஆனால் அதைப் பொய் சொல்ல வைக்கலாம்.

பிறகு மின் மீட்டர் வந்தது. ஆயில் டேஷ்போர்டுக்கு வருவது நின்றது. எஞ்சின் பிளாக்கில் ஒரு சென்சார். அழுத்தத்துக்கு ஏற்ப அதன் மின்தடை மாறும். ஒற்றை ஒயர் அந்தச் செய்தியை மேலே கொண்டுபோகும். நடுவில் இத்தனை தரகர்கள் வந்ததும் ‘எஞ்சின் நல்லாருக்கா’ என்று கேட்பதற்கு முன்னால் ‘சொல்வது யார்’ என்று கேட்க வேண்டியதாயிற்று. சோதனை எளிதுதான். சாவியை ஆன் செய்து, சென்சார் ஒயரைக் கழற்றினால் முள் ஒரு ஓரத்துக்குப் போக வேண்டும். அதே ஒயரை ஒரு நொடி எர்த்தில் தொட்டால் எதிர் ஓரத்துக்குப் போக வேண்டும். எது எந்த ஓரம் என்பது மீட்டரின் ரகத்தைப் பொறுத்தது. இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் குற்றமற்றவை. ஆயில் முள்ளோடு பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் சேர்ந்து உளறினால், பழைய வண்டிகளில் எல்லா மீட்டருக்கும் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, கசியக் கூடாதென்று சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றிவிடுவது. எர்த்தே அந்த மரை வழியாகத்தான் கிடைக்கிறது என்பது மறந்துபோகும்.

இன்றைய கார்களில் பெரும்பாலும் முள்ளே கிடையாது. அலாவுதீன் விளக்கு மாதிரி ஒரு சிவப்புப் படம், அவ்வளவுதான். அதன் சுவிட்ச் பொதுவாக 5 முதல் 7 பவுண்டு அளவில்தான் விழித்துக்கொள்ளும். எஞ்சின் 1,000 சுற்றுக்கு 10 பவுண்டு வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. அப்படியென்றால் நெடுஞ்சாலையில் 3,000 சுற்றில் போகும்போது 30 இருக்க வேண்டிய இடத்தில் 10தான் இருந்தாலும் விளக்கு வாய் திறக்காது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அமெரிக்காவில் எண்பதுகளின் பிற்பகுதியில் ஃபோர்டு வண்டிகள் பலவற்றிலும், தொண்ணூறுகளின் நடுவில் மாஸ்டா மியாட்டாவிலும் மீட்டரை அப்படியே வைத்துவிட்டு, அதன் பின்னால் வெறும் சுவிட்சைப் பொருத்தினார்கள். ஏதோ கொஞ்சம் பிரஷர் இருந்தால் போதும், முள் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். உண்மையான முள் சூட்டுக்கும் வேகத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கியதைப் பார்த்து மிரண்டு வாடிக்கையாளர்கள் சர்வீஸுக்கு ஓடி வந்ததுதான் காரணம் என்பார்கள். எனக்கு இதில் சமாதானமே இல்லை. விளக்கு தன்னை விளக்கு என்று ஒப்புக்கொள்கிறது. இந்த முள் மீட்டர் வேஷம் போடுகிறது.

போன வருஷம் என் அக்கா மகன் தன் பழைய டீசல் ஜீப்போடு வந்தான். மின் மீட்டர்தான். காலையில் கிளம்பும்போது முள் நன்றாக நிற்கிறது. மெட்டு ஏறி வண்டி சூடானதும் ஐட்லிங்கில் படுத்துவிடுகிறது. சென்சாரை மாற்றினான். அப்படியே இருந்தது. இன்னொன்று வாங்கினான். “மாமா, மார்க்கெட்ல வர்ற சென்சார் எல்லாம் டூப்ளிகேட்” என்றான். இருக்கலாம். ஆனால் ஆறும்போது நிமிர்ந்து சூட்டில் படுக்கும் முள், பெரும்பாலும் சென்சாரின் கதையைச் சொல்வதில்லை. ஆயில் சூட்டில் இளகும், பேரிங் இடுக்கு அகன்றிருந்தால் வழிந்து ஓடிவிடும், பிரஷர் நிற்காது.

தெரிந்த பட்டறையில் சென்சாரைக் கழற்றி, அதே துளையில் குழாய் மீட்டரை மாட்டச் சொன்னேன். இளம் மெக்கானிக் தேடி எடுத்து வர அரை மணி ஆனது. மீட்டரில் தூசி படிந்திருந்தது. சூடான எஞ்சின், ஐட்லிங்: 4 பவுண்டு. சம்ப்பைக் கழற்றினால், பேரிங்கின் வெள்ளைப் பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. அக்கா மகன் குறை சொன்ன இரண்டு சென்சாரும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முள் விழுந்தாலோ சிவப்பு எரிந்தாலோ ‘சென்சாராத்தான் இருக்கும்’ என்று பட்டறை வரை ஓட்டிப் போகாதீர்கள், அங்கேயே அணையுங்கள். குச்சியை உருவி ஆயில் அளவைப் பாருங்கள். இரண்டாவது சென்சாருக்குப் பணம் எடுக்கும் முன், எஞ்சினைச் சூடாக்கி, குழாய் மீட்டரைப் பத்து நிமிடம் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். இல்லை என்று சொல்லும் பட்டறையாக இருந்தால் வேறு பட்டறை பாருங்கள்.