மோகினி எண்ணிய நாட்கள்

இந்தியில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத தமிழ்ப் பிள்ளைகள் பலர், எண்பதுகளின் கடைசியில், ஒன்று முதல் பதின்மூன்று வரை இந்தியில் தடங்கல் இல்லாமல் எண்ணினார்கள். பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்ததல்ல. தூர்தர்ஷனின் 'சித்ரஹார்' வழியாகவும் கேசட் கடை ஸ்பீக்கர் வழியாகவும் வந்து சேர்ந்த 'ஏக் தோ தீன்' பாட்டு சொல்லிக்கொடுத்தது. இன்றும் கல்யாண வீட்டு மேடையிலும் கல்லூரி விழாவிலும் அந்தத் தாளம் தொடங்கினால் கூட்டம் எழுந்துவிடுகிறது.

ஆனால் அந்தப் பெண் எதற்காக எண்ணுகிறாள், யாருக்காக ஆடுகிறாள் என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. பாட்டு படத்தைவிட்டுக் கழன்று தனியே வந்துவிட்டது. அதை அதன் கதைக்குள் திரும்ப வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் முழு வலிமையும் புரிகிறது. கொண்டாட்டப் பாட்டு என்று நாம் நினைத்திருப்பது, உண்மையில் கட்டாயப்படுத்தி மேடையேற்றப்பட்ட ஒரு மகளின் ஏக்கப் பாட்டு.

படத்தின் பெயர் 'தேஸாப்'. அமிலம் என்று பொருள். 1988 நவம்பர் 11 அன்று வெளியானது. தயாரித்து இயக்கியவர் என். சந்திரா. 'வன்முறையான ஒரு காதல் கதை' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு துணைத் தலைப்பும் உண்டு, படமும் அப்படித்தான். மகேஷ் தேஷ்முக் (அனில் கபூர்) நாசிக்கில் வளர்ந்த, கடற்படைக் கனவோடு இருந்த துடிப்பான இளைஞன். வங்கிக் கொள்ளை ஒன்றில் பெற்றோரைப் பறிகொடுக்கிறான். தங்கையோடு பம்பாய்க்கு வருகிறான். அங்கே கல்லூரியில் மோகினியைச் சந்திக்கிறான். மோகினியாக நடித்தவர் மாதுரி தீட்சித்.

மோகினியின் அப்பா ஷியாம்லால் குடிகாரன், கடனாளி. மகளை மேடையில் ஆடவைத்து அந்தக் காசில் காலம் தள்ளுகிறவன். மனைவியின் முகத்தில் அமிலம் வீசியவனும் அவனே. அதன்பின் அவள் உயிரோடு இருக்கவில்லை. மகளுக்குக் காதல் வந்தால் தன் வருமானம் போய்விடும் என்று அவன் செய்யும் சூழ்ச்சியில் மகேஷின் குடும்பம் சிதைகிறது. தங்கையைக் காப்பாற்றப் போய் மகேஷ் ஒரு ரவுடியைக் கொன்று சிறைக்குப் போகிறான். வெளியே வரும்போது அவன் மகேஷ் இல்லை, 'முன்னா'. போலீஸ் அவனை நகரத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று தள்ளி வைத்திருக்கிறது. கொல்லப்பட்டவனின் அண்ணன் லோட்டியா பட்டான் (கிரண் குமார்) மோகினியைத் தூக்கிச் செல்கிறான். அவளை மீட்டுத் தரும்படி கேட்டு ஷியாம்லால் வந்து நிற்பது, தன்னால் சீரழிந்த அதே முன்னாவின் முன்னால்.

ஷியாம்லாலாக நடித்த அனுபம் கேரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்திப் பட அப்பாக்கள் காதலுக்குக் குறுக்கே நிற்பது வழக்கம்தான். சாதி, அந்தஸ்து, குடும்ப மானம் என்று ஏதாவது ஒரு காரணம் சொல்வார்கள். ஷியாம்லாலுக்கு அந்தப் பூச்செல்லாம் கிடையாது. மகள் அவனுக்கு வருமானம், அவ்வளவுதான். லோட்டியா பட்டான் கத்தியோடு வருகிற வில்லன். அவனைப் பார்த்தால் நமக்குப் பயம் வரலாம். ஷியாம்லாலைப் பார்த்தால் அருவருப்பு வருகிறது. படத்தின் உண்மையான கொடூரம் அந்த வீட்டுக்குள் இருக்கிறது.

கடத்தப்பட்ட பாடகி, அவளை மீட்க வரும் பழைய காதலன் என்ற எலும்புக்கூடு, வால்டர் ஹில் இயக்கிய 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ஃபயர்' (1984) படத்திலிருந்து வந்தது. இதை மறைக்க எதுவும் இல்லை. ஆனால் அந்த அமெரிக்கப் படத்தில் பாடகி ஒரு நட்சத்திரம். பாடுவது அவளுடைய விருப்பம், அவளுடைய தொழில். சந்திரா அந்த எலும்புக்கூட்டின் மேல் பம்பாயின் சதையை வைத்தார். சம்பாதிக்கும் மகளை விடாத தகப்பன், அமிலம், நகரத்தைவிட்டு விரட்டப்பட்ட இளைஞன் என்று கதைக்கு உயிர் கொடுத்தவை எல்லாம் அவர் சேர்த்தவை.

சந்திராவுக்கு அந்தப் பம்பாய் நன்றாகத் தெரியும். இயக்குநர் குல்சாரிடம் உதவியாளராக இருந்து, எடிட்டிங் மேஜையில் தொழில் கற்றவர். அவருடைய முதல் படமான 'அங்குஷ்' (1986) தெருமுனையில் வேலையில்லாமல் நிற்கும் நான்கு இளைஞர்களைப் பற்றியது. தத்தா சாமந்த் தலைமையில் 1982 ஜனவரியில் தொடங்கிய பம்பாய் ஜவுளி ஆலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். பல ஆலைகள் பிறகு திறக்கவே இல்லை. அந்த ஆலைப் பகுதிகளின் தெருமுனைகளில் வளர்ந்த தலைமுறையைத் திரையில் கோபத்தோடு காட்டிய இயக்குநர்களில் சந்திரா முக்கியமானவர். அடுத்து வந்த 'பிரதிகாத்' (1987), டி. கிருஷ்ணா தெலுங்கில் எடுத்த 'பிரதிகடனா'வின் இந்தி வடிவம்.

முன்னாவைப் பற்றிப் பேசும்போது படம் திரும்பத் திரும்பச் சொல்லும் சொல் 'தடிபார்'. 1951ஆம் ஆண்டின் பம்பாய் போலீஸ் சட்டப்படி, ஆபத்தானவர் என்று கருதப்படும் ஒருவரை இரண்டு ஆண்டு வரை நகர எல்லைக்கு வெளியே அனுப்பிவைக்கலாம். பம்பாய்த் தெருக்களில் எல்லோருக்கும் தெரிந்த சொல் அது. தண்டனை முடிந்து வந்தவனுக்கு ஊரும் கிடையாது என்கிற அந்த நிலைதான் காதலர்களைப் பிரித்து வைத்திருக்கிறது. கோட்டை, மதில், பணக்கார அப்பா என்ற வழக்கமான தடைகள் இங்கே இல்லை. ஒரு போலீஸ் உத்தரவு போதுமானதாக இருக்கிறது.

இந்த இடத்தில்தான் பாட்டு வருகிறது. மோகினி மேடை ஏறும்போது மகேஷ் அவள் பக்கத்தில் இல்லை. கூட்டம் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்துகிறது. அவள் வருகிறாள், எண்ணத் தொடங்குகிறாள்.

மெட்டமைக்கும்போது இசையமைப்பாளர்கள் தத்தகாரத்தில் பாடிக் காட்டுவார்கள், அல்லது வாயில் வந்த சொற்களை டம்மியாகப் போட்டு வைப்பார்கள். லக்ஷ்மிகாந்த்–பியாரேலால் இரட்டையரில் லக்ஷ்மிகாந்த் இந்த மெட்டுக்கு டம்மியாகப் போட்டது எண்கள். பாட்டு எழுத வந்த ஜாவேத் அக்தர் அந்த எண்களைத் தூக்கி எறியாமல், அதையே பாட்டாக்கிவிடலாம் என்று முடிவு செய்தார். இந்தக் கதை திரையுலகில் பலமுறை சொல்லப்பட்டது. எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஏனென்றால் எண்ணை வைத்துக்கொள்வது சுலபம், எண்ணுக்கு ஒரு காரணம் கண்டுபிடிப்பதுதான் கடினம். அக்தர் கண்டுபிடித்த காரணம் நாள்காட்டி. வருவதாகச் சொன்னவன் வரவில்லை. அவள் தேதிகளை எண்ணுகிறாள்.

சரணத்தைக் கவனித்துக் கேட்டால் ஒரு மாதமே நகர்வது தெரியும். ஒரு தேதியில் சேதி வருகிறது, மறுநாள் வருகிறேன் என்கிறான், வரவில்லை. பதினாறாம் தேதி பதினாறு வகை ஒப்பனையும் செய்துகொண்டு காத்திருக்கிறாள். பிறகு ஒரு தேதியில் நெஞ்சு உடைகிறது, இன்னொரு தேதி முழுதும் அழுகையில் போகிறது. மாதம் முடியப்போகிறது. தலைவன் போன நாட்களைச் சுவரில் குறித்துக் குறித்து விரல் தேய்ந்துபோன பெண்ணை 'அவர்வயின் விதும்பல்' அதிகாரத்தின் முதல் குறளில் வள்ளுவர் வைத்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்குத் தன் சுவரும் தன் தனிமையும் இருந்தன. மோகினிக்கு அதுவும் இல்லை. அவள் பல நூறு பேர் விசிலடிக்க, வண்ண விளக்குகளுக்குக் கீழே நின்று நாள் எண்ண வேண்டியிருக்கிறது. அவள் அழவேண்டிய வரிகளுக்கு அவள் ஆடுகிறாள்; அதற்கான காசு ஷியாம்லாலுக்குப் போகிறது.

சலீம்–ஜாவேத் ஜோடியாக இருந்து 'தீவார்', 'ஷோலே' எல்லாம் எழுதி, கோபக்கார நாயகனை இந்தித் திரைக்குக் கொடுத்தவர்களில் ஒருவர் ஜாவேத் அக்தர். அந்த ஜோடி பிரிந்த பிறகு பாடலாசிரியராக அவர் கால் ஊன்றிக்கொண்டிருந்த காலம் அது. முன்னாவின் வசனங்களை எழுதியவர் கம்லேஷ் பாண்டே. பின்னாளில் 'ரங் தே பசந்தி'யின் கதையைக் கொடுத்தவர். கோபம் வேறொருவர் கைக்குப் போக, அக்தர் இங்கே எழுதிக் கொடுத்தது ஒரு பெண்ணின் காத்திருப்பை.

நடனம் அமைத்தவர் சரோஜ் கான். சிறு வயதிலேயே குழு நடனத்துக்கு வந்து, பி. சோஹன்லாலிடம் உதவியாளராக வேலை பார்த்து, 1974இல் தனியாகப் பெயர் போட்டுக்கொண்டவர். மாதுரி 1984இல் 'அபோத்' படத்தில் அறிமுகமானவர். அடுத்து வந்த படங்கள் எதுவும் அவரைக் கரை சேர்க்கவில்லை. கதக் பயின்ற பெண்ணுக்கு சரோஜ் கான் சினிமா மேடை நடனத்தின் உடல்மொழியைக் கொடுத்தார். அந்த ஆட்டத்தில் இடுப்பசைவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் பார்க்கச் சொல்வது முகத்தை. உடல் கூட்டத்துக்காக ஆடும்போது, கண்கள் கூட்டத்தைத் தாண்டி எங்கோ தேடிவிட்டு வருகின்றன. தாளத்தின் வேகத்தில் இதைச் செய்வது லேசான வேலை இல்லை. முதல் முறை பார்க்கிறவர்களுக்கு இது தட்டுப்படாது. கதை தெரிந்து இரண்டாம் முறை பார்க்கும்போது பளிச்சென்று தெரியும்.

ஃபிலிம்ஃபேர் விருதுகளில் நடன அமைப்புக்கென்று ஒரு பிரிவே அதுவரை கிடையாது. 1989இல் அதை ஏற்படுத்தி, முதல் விருதை இந்தப் பாட்டுக்காக சரோஜ் கானுக்குக் கொடுத்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டும் அவருக்கே. பின்னாளில் தேசிய விருதுகளும் பெற்றார். அவற்றில் ஒன்று தமிழ்ப் படத்துக்கு. சாரதா ராமநாதன் இயக்கிய 'சிருங்காரம்', தேவதாசிப் பெண் ஒருத்தியின் கதை. மோகினியும் அந்த தேவதாசியும் வேறு வேறு காலத்தவர்கள், வேறு வேறு நடனம். ஆட்டம் ஒருத்தியுடையது, அதிகாரம் இன்னொருவருடையது என்ற நிலைமை மட்டும் இரண்டிலும் ஒன்று. இரண்டுக்கும் ஒரே பெண்மணி அடவு அமைத்தார் என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மற்றப் பாட்டுகளுக்கு வருவோம். 'ஏக் தோ தீன்' மெட்டிலேயே அமித் குமார் பாடிய ஆண் குரல் வடிவம் ஒன்று உண்டு. எனக்கு அது இரண்டாம்பட்சம்தான். 'சோ கயா யே ஜஹான்' அப்படியில்லை. நிதின் முகேஷ், அல்கா யாக்னிக், ஷபீர் குமார் சேர்ந்து பாடியது. ஊரடங்கிய நள்ளிரவில் தெருவில் அலையும் நண்பர்களின் பாட்டு. பகலில் இந்த நகரத்தில் இருக்க உரிமை இல்லாதவனுக்கு இரவு கொஞ்சம் இடம் கொடுக்கிறது. எல்லோரும் தூங்கின பிறகுதான் ஊர் அவனுக்குச் சொந்தம். தாளத்தைத் தணித்து, மெட்டை நடை போடவிட்டு, லக்ஷ்மிகாந்த்–பியாரேலால் அதை அழகாகச் செய்திருக்கிறார்கள். 1963இல் 'பாரஸ்மணி'யில் தொடங்கி, 'ஏக் தூஜே கே லியே'யில் பாலசந்தரோடும் எஸ்.பி.பி.யோடும் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். கால் நூற்றாண்டு கழித்தும் ஒரு படத்துக்குள் ஆர்ப்பாட்டத்தையும் அமைதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கத் தெரிந்திருந்தது.

'கெஹ் தோ கே தும்' என்ற காதல் டூயட் அமித் குமாரும் அனுராதா பௌட்வாலும் பாடியது. கேட்க இனிமை. ஆனால் என்னுடையவள் என்று சொல், இல்லையென்றால் சாவேன் என்று ஒரு பெண்ணை நெருக்குகிற பாட்டு அது. அந்தக் காலத்து இந்தி, தமிழ்ப் படங்கள் எல்லாவற்றிலும் கல்லூரிக் காதல் இப்படித்தான் இருந்தது என்று சமாதானம் சொல்லலாம். அமிலம் என்று பெயர் வைத்த படத்தில் அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. நிஜத்தில் அமிலத்தைக் கையில் எடுத்தவர்களில் பலர், 'என்னுடையவள் என்று சொல்' என்று கேட்டு மறுக்கப்பட்ட ஆண்கள். கணவனின் கையில் இருக்கும் அமிலத்தைத் துணிந்து காட்டிய சந்திரா, காதலனின் பிடிவாதத்துக்குள் இருக்கும் அபாயத்தைக் கவனிக்காமல் போய்விட்டார்.

அந்தப் படம் வந்தபோது அமில வீச்சுக்கென்று தனிச் சட்டப்பிரிவு நாட்டில் இல்லை. 2013இல்தான் இந்திய தண்டனைச் சட்டத்தில் 326ஏ, 326பி என்ற பிரிவுகள் சேர்ந்தன. அமிலம் வீசிக் காயப்படுத்தினால் குறைந்தது பத்து ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை என்றானது. அதே ஆண்டு அமிலத்தின் சில்லறை விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. ஷியாம்லால் மனைவிக்குச் செய்ததற்குச் சட்டம் உரிய பெயர் வைக்க இருபத்தைந்து ஆண்டு ஆகியிருக்கிறது.

1988ஐ இந்திப் பாட்டு ரசிகர்கள் மறக்க மாட்டார்கள். வீடியோ கேசட் திரையரங்கைத் தின்றுகொண்டிருந்தது. அடிதடிப் படங்களில் பாட்டு ஒப்புக்கு வந்துபோனது. அந்த ஏப்ரலில் 'கயாமத் சே கயாமத் தக்', நவம்பரில் 'தேஸாப்'. ஒன்று மென்மையான காதல், இன்னொன்று ரத்தம் தெறிக்கும் காதல். இரண்டிலும் பாட்டே படத்தைத் தூக்கி நிறுத்தியது. இரண்டிலும் பாடினார் அல்கா யாக்னிக். இசைக்கான ஃபிலிம்ஃபேர் விருது 'கயாமத்'துக்குப் போனாலும், சிறந்த பாடகி விருது 'ஏக் தோ தீன்' பாடிய அல்காவுக்கு வந்தது. அனில் கபூர் சிறந்த நடிகரானார். அந்த ஆண்டு அதிகம் வசூலித்த இந்திப் படமும் இதுதான். 1993இல் அர்ஜுன், குஷ்பு நடித்து 'ரோஜாவைக் கிள்ளாதே' என்று தமிழுக்கும் வந்தது.

2018இல் 'பாகி 2' படத்தில் ஜாக்குலின் ஃபெர்னாண்டஸ் ஆட, ஸ்ரேயா கோஷல் குரலில் அந்தப் பாட்டை மறுபடி எடுத்தார்கள். என். சந்திரா அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். பழையதைத் தொட்டதால் வந்த கோபம் என்று பலர் அதை ஒதுக்கினார்கள். எனக்கு அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே படுகிறது. புதிய பாட்டில் ஆடுகிறவர் ஒரு காட்சிக்கு மட்டும் வந்து போகிறவர். அவருக்குப் பிரிந்த காதலன் இல்லை, பணத்துக்குக் காத்திருக்கும் தகப்பன் இல்லை, முகம் வெந்து செத்த தாய் இல்லை. எண்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றை எண்ணுவதற்கு அவருக்கு ஒரு காரணமும் தரப்படவில்லை.