முன்சக்கர இயக்க வண்டியும் டயரின் அகலமும்

மோட்டார் வண்டி எவ்வளவு பெரிதாயினும் அது சாலையைத் தொடுவது நான்கே இடங்களில்தான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய விரித்த கையின் அளவினது. வண்டி ஓடுவதும் திரும்புவதும் நிற்பதும் அந்நான்கு இடங்களின் பிடிப்பைச் சார்ந்தவை. ஆகவே, முன் டயர்களும் பின் டயர்களும் எவ்வளவு அகலம் கொண்டிருக்க வேண்டும் என்னும் வினா வண்டியின் தோற்றத்தைப் பற்றியதன்று. அதிற் செல்வோரின் உயிரைப் பற்றியதாகும்.

நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி ஆகிய வண்டிகளில் எஞ்சின் முன்புறம் இருந்தும் அதன் விசை பின்சக்கரங்களையே சுழற்றியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பின்னர், முன்சக்கர இயக்கம் நாடெங்கும் பரவலாயிற்று. பெங்களூருவை அடுத்த பிடதியில் செய்யப்பட்டு, 2010 முதல் 2020 வரை விற்பனையில் இருந்த டொயோட்டா எடியோஸும் இவ்வகையினதே.

முன்னச்சின் பெருஞ்சுமை

இவ்வகை வண்டியில் எஞ்சின், பற்சக்கரப் பெட்டி ஆகிய இரண்டும் முன்னச்சின் மீதே அமைகின்றன. 1,000 கிலோகிராம் எடையுள்ள வண்டியில் சுமார் 600 கிலோகிராம் முன்புறமும் 400 கிலோகிராம் பின்புறமும் தாங்கப்படுவது இயல்பு. வண்டியை இழுப்பதும், திருப்புவதும், பெரும்பாலும் நிறுத்துவதும் முன்சக்கரங்களே. இதனைக் கண்டு, "உழைப்பது முன்சக்கரம், ஆதலின் முன்னே மட்டும் அகன்ற டயர் போதும்" என்று கருதுவோர் உளர். தேய்ந்த டயர்களைப் பின்னே தள்ளிவிடும் வழக்கமும் இக்கருத்திலிருந்தே பிறந்தது.

அகலம் செய்வது யாது?

ஒரு டயர் 300 கிலோகிராம் சுமையைத் தாங்குகிறது எனவும், அதன் காற்றழுத்தம் சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு எனவும் கொள்வோம். சாலையைத் தொடும் பரப்பு சுமார் 140 சதுர சென்டிமீட்டர் ஆகும். அகன்ற டயரைப் பூட்டினும், சுமையும் அழுத்தமும் மாறாதவரை இப்பரப்பு பெரிதும் மாறுவதில்லை. அதன் வடிவமே மாறுகிறது. நீண்டு குறுகியிருந்தது, குட்டையாகி அகலுகிறது. இவ்வடிவம் வளைவில் பக்கவாட்டு விசையை விரைவில் தோற்றுவிக்கும். எனவே முன் டயரை மட்டும் அகலமாக்கினால் வண்டி முன்னிலும் சுறுசுறுப்பாகத் திரும்பும். ஆபத்து தொடங்குவதும் அங்கேயே.

வளைவில் நேர்வது

பெங்களூருவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலையிலிருந்து ஒரு வண்டி இறங்குவதாகக் கொள்வோம். கூரிய வளைவொன்றில் ஓட்டுநர் திடீரெனப் பிரேக்கை அழுத்துகிறார். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவுக்கு வேகம் தளர்வதாகவும், வண்டியின் ஈர்ப்பு மையம் 55 சென்டிமீட்டர் உயரத்திலும், அச்சுகளின் இடைவெளி 2.5 மீட்டராகவும் இருப்பதாகவும் கொண்டால், 110 கிலோகிராம் சுமை பின்னச்சிலிருந்து முன்னச்சிற்கு மாறும். சரிவு இதனை மேலும் கூட்டும். பின்னே எஞ்சுவது 290 கிலோகிராமே. ஆனால் பின்சக்கரங்கள் வளைவில் ஏந்திச் செல்ல வேண்டிய பொருண்மை சிறிதும் குறையவில்லை.

முன் டயர் முதலில் நழுவினால் வண்டி வளைவை விட்டு வெளிப்புறம் நகரும். வேகம் தணிந்ததும் பிடிப்பு திரும்பும். பின் டயர் முதலில் நழுவினாலோ வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். பழக்கமற்ற ஓட்டுநரால் அதனை மீட்பது அரிது. உழைப்பற்றதாகத் தோன்றும் பின் டயரே வண்டியை நேர் வழியில் நிறுத்துகிறது. அம்பின் வாலிலுள்ள இறகு போன்றது அது.

மழைநீரும் டயரும்

பெங்களூருவில் மே முதல் அக்டோபர் வரை மழை மிகுதி. நீர் தேங்கிய சாலையில் விரையும் டயர், வழியிலுள்ள நீரை இருபுறமும் ஒதுக்கியாக வேண்டும். இயலாதபோது அது நீரின் மேல் மிதக்கிறது. 1963இல் நாசா வெளியிட்ட ஹார்ன், டிரெஹர் ஆகியோரின் ஆய்வில் இதற்கொரு சூத்திரம் தரப்பட்டது. அதன்படி, 30 பவுண்டு அழுத்தமுள்ள வழுக்கையான டயர் மணிக்குச் சுமார் 91 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். அகன்ற டயர் ஒதுக்க வேண்டிய நீரும் மிகுதி. ஆகவே அகலம் கூடினால் மழையிலும் பிடிப்பு கூடும் என்பது தவறான எண்ணம்.

ஒரு விதிவிலக்கு

பிரான்சில் 1955இல் வெளிவந்த சிட்ரோயன் டி.எஸ். என்னும் முன்சக்கர இயக்க வண்டியில் முன் டயர் 165 மில்லிமீட்டரும் பின் டயர் 155 மில்லிமீட்டரும் அகலம் கொண்டிருந்தன. ஆனால் அவ்வண்டியின் எடையிற் பெரும்பகுதி முன்னச்சிலேயே இருந்தது. அச்சுகளின் இடைவெளியும் மூன்று மீட்டருக்கு மேற்பட்டது. வண்டி முழுவதும் அவ்வேறுபாட்டிற்கெனவே வகுக்கப்பட்டது. பின்னர் கடையிற் செய்துகொண்ட மாற்றமன்று அது.

எடியோஸ் வண்டிக்கு 175/65 ஆர்14, 185/60 ஆர்15 என இருவகை டயர்கள் தரப்பட்டன. எனினும் ஒரே வண்டியில் இரண்டும் கலக்கப்படவில்லை. முதலாவதன் விட்டம் சுமார் 583 மில்லிமீட்டர். மற்றதன் விட்டம் 603. இவற்றைக் கலந்தால் முன்பின் சக்கரங்களின் சுழற்சி நூற்றுக்கு மூன்றுக்கு மேல் வேறுபடும்; பிரேக்கிடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாது காக்கும் மின்னணுக் கருவியும் அதனால் தவறக்கூடும்.

வகுப்பறைச் சோதனை

பொம்மை மோட்டார் ஒன்றையும் வழவழப்பான நீண்ட பலகையொன்றையும் எடுத்துக்கொள்க. பலகையைச் சாய்த்து வைத்து, பொம்மையின் முன்சக்கரங்கள் சுழலாதவாறு காகிதத்தால் ஒட்டி, முகம் கீழ்நோக்க விடுக. அது நேரே சறுக்கி இறங்கும். பின்னர் பின்சக்கரங்களை மட்டும் அவ்வாறே ஒட்டி விடுக. பொம்மை பாதி வழியில் திரும்பிப் பின்புறம் முன்னாக இறங்கும். பின்னச்சின் பிடிப்பு எதற்காக என்பதை மாணவர் கண்ணாரக் காண்பர்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே நான்கு டயர்களும் இருத்தல் நன்று. அகலத்தைக் கூட்டுவதாயின், அவர் அனுமதித்த அளவிற்குள், நான்கிற்கும் ஒருங்கே கூட்டுக. இரண்டு டயர்களை மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்னச்சில் பூட்டுக. வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது சட்டம். மழைக்காலத்திற்கு அதனினும் மிகுதியான ஆழமே பாதுகாப்பானது. காற்றழுத்தத்தைத் தவறாது அளந்து வருக. செலவற்ற இச்சிறு கவனம், விலையுயர்ந்த அகன்ற டயரைக் காட்டிலும் பெரும்பயன் தருவதாகும்.