வெயில் நாட்டு விஸ்கி ஏன் விரைந்து முதிர்கிறது?

அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியை உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் மரக் கொள்கலத்தில்தான் வைக்க வேண்டும் என்பதால், ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் பிற நாட்டு வடிசாலைகளுக்குச் செல்கின்றன; பெங்களூரு அம்ருத் நிறுவனமும் தன் பார்லி விஸ்கியை அவற்றில் முதிரவைக்கிறது.

மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் சேர்மம் பீப்பாயைக் கருக்கும் சூட்டில் சிதைந்து, வெனிலா மணத்துக்குக் காரணமான வனிலினைத் தருகிறது. ஹெமிசெல்லுலோஸ் என்னும் சர்க்கரைத் தொடர் உடைந்து கருகிய சர்க்கரையின் சுவையைத் தருகிறது. கரிப்படலமோ விரும்பத்தகாத கந்தகச் சேர்மங்களை ஈர்த்துக்கொள்கிறது. வெப்பத்தில் விரிந்து மரத்துக்குள் புகும் மது, குளிரில் சுருங்கி வெளியேறுகையில் இவற்றைக் கரைத்துக்கொண்டு வருகிறது.

வெயில் மிகுந்த இடங்களில் இது விரைந்து நடக்கிறது; மது ஆவியாவதும் கூடுகிறது. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதமாக உள்ள ஆவியிழப்பு, பெங்களூரில் 10 சதவீதத்தையும் தாண்டுகிறது. 'தேவதைகளின் பங்கு' எனப்படும் இவ்விழப்பைக் கிண்டல் செய்வதுபோல், 2013இல் வெளியான எட்டாண்டு முதிர்ந்த குறும்பதிப்புக்கு அந்நிறுவனம் 'கிரீடி ஏஞ்சல்ஸ்', அதாவது பேராசைத் தேவதைகள், என்று பெயரிட்டது.

பட்டாசுத் தொழிலுக்கு உகந்த, விருதுநகர் மாவட்டத்து ஆமத்தூர் வட்டாரத்தின் வறண்ட காற்றில் அத்தகைய பீப்பாயை வைத்தால், மதுசாரத்தைவிட நீரே விரைந்து வெளியேறிச் செறிவு கூடும். சில ஆண்டுகளிலேயே மரத்தின் துவர்ப்பு மற்றச் சுவைகளை மூடிவிடும்.