அலமாரியை எண்ணும் ஆங்கிலம்

இங்கிலாந்தில் கால்பந்து பற்றி எழுதுகிறவர்களுக்குக் 'கோப்பை' என்று எழுதிச் சலித்துவிட்டது. 'சில்வர்வேர்' என்கிறார்கள், வெள்ளிச் சாமான். இந்த சீசனில் வெள்ளி வருமா, எத்தனை வருடமாக வெள்ளி இல்லை என்றே பக்கங்கள் நிரம்புகின்றன.

பெயரில் பிழையில்லை. 1872-ல் முதன்முதலாக வழங்கப்பட்ட எஃப்.ஏ. கோப்பை சுமார் 20 பவுண்டுக்குச் செய்த வெள்ளிதான். 1895-ல் பர்மிங்காமில் ஒரு கடையின் கண்ணாடி ஜன்னலில் காட்சிக்கு வைத்திருந்தபோது திருடு போனது. திரும்பக் கிடைக்கவே இல்லை. அதை உருக்கிக் கள்ள நாணயம் அடித்ததாக 1958-ல் ஒரு முதியவர் சொன்னார், நிரூபணமாகவில்லை. உண்மையோ கதையோ, கோப்பையை வெறும் உலோகமாகப் பார்க்கத் தெரிந்தவர் அவர்.

ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாமலிருக்க 'சில்வர்வேர்' உதவும் என்பார்கள். உதவட்டும். ஆனால் எல்லாக் கோப்பையையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறதே! ஆகஸ்டிலிருந்து மே வரை 38 ஆட்டம் ஆடி வெல்லும் லீக் பட்டமும் வெள்ளி. பெரிய அணிகள் ஆறேழு ஆட்டத்தில் எடுத்துவிடக்கூடிய, மூன்று கைப்பிடி வைத்த லீக் கோப்பையும் வெள்ளி. 2025 மார்ச்சில் அந்த மூன்று கைப்பிடிக் கோப்பையை நியூகாசில் அணி தூக்கியது. 1955-க்குப் பிறகு உள்நாட்டில் அவர்கள் வென்ற முதல் பெரிய கோப்பை. மூன்று தலைமுறை ரசிகர்கள் காத்திருந்த காத்திருப்பு அது. வருடாவருடம் எதையாவது வெல்லும் அணிக்கும் அதே சொல்தானா?

எனக்குப் பெரிய கவலை வேறு. பிரீமியர் லீக்கில் 20 அணிகள். உள்நாட்டில் பெரிய பட்டங்கள் மூன்றே. ஆக, குறைந்தது 17 அணிகளுக்கு ஆண்டுதோறும் உள்நாட்டு வெள்ளி கிடையாது. கீழ் டிவிஷனிலிருந்து ஏறிவந்து தாக்குப்பிடித்த அணி, உள்ளூர்ப் பையன்களை வளர்த்து ஆடவிட்ட அணி, எல்லாவற்றுக்கும் 'வெறுங்கை' என்று ஒரே தீர்ப்பு. ஆட்டத்தைப் பார்த்து எழுத வேண்டியவர்கள் அலமாரியை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த எண்ணிக்கையாவது ஓர் அணியின் நிலையைச் சரியாகச் சொல்கிறதா? வடக்கு லண்டன் அணி ஒன்று 17 ஆண்டுகளாக வெள்ளி இல்லாமல் கேலிக்கு ஆளாகியிருந்தது. 2025 மே மாதம் பில்பாவோவில் யூரோப்பா லீக்கை வென்றது. அதே சீசனில் லீக்கில் அதற்குக் கிடைத்தது 17-ஆம் இடம். கோப்பை கைக்கு வந்த 16-ஆம் நாள் பயிற்சியாளருக்கு வேலை போனது.