ஒரு கணனி ஒழுங்கானால் பத்தும் ஒழுங்காகும்

ஓப்பநாயக்கப் பகுதியில் வாழும் எவருக்கும் வீ.பீ. தேயிலைக் கன்று உருவாகும் விதத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நல்ல தாய்ச்செடியைத் தெரிந்து, ஓர் இலையும் கணுவும் உள்ள துண்டுகளை வெட்டி நாற்றுமேடையில் வளர்க்கிறோம். தாயின் குணம் எல்லாக் கன்றுகளுக்கும் அப்படியே வருகிறது. கணனியிலும் இதே முறையைக் கையாளலாம்.

இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பழைய கணனிகள் அன்பளிப்பாகக் கிடைப்பதுண்டு. அவற்றுக்கு ஏற்றது லினக்ஸ். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இம்மென்பொருளைப் பிரதிசெய்து பிறருக்குக் கொடுக்க அதன் உரிமமே அனுமதிக்கிறது. ஆனால் தமிழ் எழுத்து, அச்சுப்பொறி, ஒலி முதலியவற்றை ஒழுங்குசெய்யும்போதுதான் புதியவர் சலித்துக் கைவிடுகிறார். அனுபவமுள்ள ஒருவர் ஒரு கணனியைச் செம்மையாக அமைத்து, அதை ஏனையவற்றுக்குப் பிரதிசெய்தால் இத்தடை நீங்கும்.

கேரள அரசு இவ்வழியில் பெரும் பயன் கண்டது. 2001-இல் தொடங்கிய 'ஐ.டி. அற் ஸ்கூல்' திட்டம், பாடங்களுக்குத் தேவையான மென்பொருட்கள் அனைத்தும் அடங்கிய லினக்ஸ் தொகுப்பொன்றை ஆயத்தம்செய்து பாடசாலைகளுக்கு வழங்கியது. 2017-இல் அத்திட்டம் 'கைற்' என்ற நிறுவனமாயிற்று. ஆசிரியர் ஒவ்வொருவரும் தனித்தனியே தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

செய்யும் முறை

1. தாய்க் கணனியில் பாரம் குறைந்த லினக்ஸ் வகையொன்றைப் பதியுங்கள். தமிழ் எழுத்துரு, தமிழ்த் தட்டச்சு, லிப்ரே ஒபிஸ் ஆகியவற்றைச் சேருங்கள்.

2. சில நாட்கள் பிள்ளைகளிடம் கொடுத்துப் பரீட்சியுங்கள். தாய்ச்செடியின் நோய் கன்றுக்கும் வருவதுபோல, தாய்க் கணனியின் பிழை எல்லாவற்றிலும் வரும்.

3. சொந்தப் படங்கள், கடிதங்கள், கடவுச்சொற்கள் எதுவும் அதில் இருக்கக்கூடாது. அவையும் பத்து வீடுகளுக்குப் போய்விடும்.

4. தாய்வானில் உருவான 'குளோன்சில்லா' என்ற இலவச மென்பொருளைப் பென்ட்ரைவில் ஏற்றி, அதிலிருந்து கணனியை இயக்குங்கள். தாய்க் கணனியின் வன்தட்டு முழுவதையும் ஒரு வெளி வன்தட்டில் பிரதியாகச் சேமித்து, பின் மற்றக் கணனிகளில் இறக்குங்கள். பிரதியை ஏற்கும் வன்தட்டு, தாயின் வன்தட்டிலும் சிறியதாக இருத்தலாகாது.

5. பிரதி இறக்கியபின் ஒவ்வொரு கணனிக்கும் தனிப் பெயரும் புதிய கடவுச்சொல்லும் இடுங்கள். உள்ளே இருக்கும் அடையாள எண்ணையும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் ஒரே வலையமைப்பில் இணைக்கும்போது குழப்பம் நேரலாம்.

64 பிட் தாயின் பிரதி 32 பிட் கணனியில் இயங்காது. இரு வகையும் இருந்தால் இரு தாய்களை ஆயத்தம்செய்ய வேண்டும்.

முக்கிய எச்சரிக்கை

பிரதி இறக்கும்போது அந்த வன்தட்டில் முன்பிருந்த அனைத்தும் அழிந்துவிடும். வெள்ளத்திலும் மண்சரிவிலும் மூலப் பத்திரங்களை இழந்த குடும்பங்கள் பல உண்டு. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டை ஆகியவற்றின் படம் பழைய கணனியொன்றில் மட்டும் எஞ்சியிருக்கலாம். எனவே கணனியைக் கொண்டுவந்தவரிடம் கேட்டு, உள்ளதை வேறிடத்தில் சேமித்து, சேமித்ததைத் திறந்து பார்த்த பின்னரே வேலையைத் தொடங்குங்கள். எந்த வன்தட்டிலிருந்து எதற்கு என்பதை இருவர் சேர்ந்து சரிபார்ப்பது நல்லது.

தாய்ப் பிரதியை ஆண்டுதோறும் புதுப்பியுங்கள். கற்றுக்கொண்ட பிள்ளை ஒருவரிடம் அடுத்த முறை அவ்வேலையை ஒப்படையுங்கள். ஊருக்குள்ளேயே இத்தொழில் வேரூன்ற அது வழிவகுக்கும்.